கறுப்பு டேப்புக்கு அடியில் இருந்த எண்

போன வாரம் நம் கீபோர்டுக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தான். "அண்ணா, பாடறவங்களுக்கு மேல எட்டலைன்னா, அவங்களுக்குத் தெரியாம அரைக் கட்டை எறக்கி வாசிக்கலாமா?" கீழே பத்துப் பதினைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள். ஒருவர், "இதெல்லாம் ஒரு கேள்வியா, எல்லாரும் பண்றதுதானே" என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. குரல் பதிவில் பதில் சொல்லலாம் என்று பேசிப் பேசி மூன்று தடவை அழித்தேன். பிறகுதான் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் என் கையால் நடந்தது, அதில் தப்பு வராது.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு பாருக்குப் பார் அலைந்த இத்தனை வருடத்தில், பையின் ஜிப்பைத் திறந்து அடாப்டர் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் பஸ் ஏறியதே இல்லை. ஏறின பிறகு கூட்டேரிப்பட்டில் ஒரு தடவை பார்ப்பேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நிற்கும்போது இன்னொரு தடவை. அது போக, இரண்டாவது அடாப்டர் ஒன்று சாப்பாட்டுப் பையில் இருக்கும். அதையும் பார்ப்பேன். நீளப் பெட்டியைப் பின் சீட்டில் சாய்த்துக்கொண்டு நான் இப்படிக் குடைவதைப் பார்த்து ஒரு கண்டக்டர், "பெட்டில இன்னாய்யா, பொணமா? உயிர் இருக்குதான்னு பாத்துக்கினே வர்ற?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி பார்த்தேன்.

அந்தப் பயம் எனக்கு நல்லதும் செய்திருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் டிரான்ஸ்போஸ் பட்டனால் மானம் போனவன் நான். உங்களுக்குத் தெரியும், அந்தப் பட்டனை ஒரு தடவை தட்டினால், விரல் அதே இடத்தில் இருக்க, சுருதி மட்டும் அரைக் கட்டை இறங்கும். திரையில் மைனஸ் ஒன்று என்று காட்டும். முந்தின பாட்டுக்கு இறக்கியதைத் திரும்ப ஏற்றாமல் அடுத்த பாட்டை ஆரம்பித்தேன். பக்கத்தில் புல்லாங்குழல்காரர் ஒரு சுருதி, நான் ஒரு சுருதி. குடித்துக்கொண்டிருந்தவர்களே கிளாசை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து எந்தப் பாட்டுக்கும் முன்னால் என் கண் முதலில் அந்த எண்ணைத்தான் பார்க்கும். அப்படிப் பார்த்துப் பழகியவன்தான் பிற்பாடு அந்த எண்ணின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன்.

விழுப்புரம் பைபாஸில் ஒரு ஓட்டல். கீழே குடும்பத்தோடு சாப்பிடும் இடம், மேலே பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரைக்கும் எங்கள் செட். மூன்று பேர்தான். கீபோர்டுக்கு நான், தாளத்துக்கு ரிதம் பேடு வாசிக்கக் குமார், பாட ராணி.

ராணிக்குத் திண்டிவனத்தைத் தாண்டி ஒரு கிராமம். வீட்டுக்காரர் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். திருவிழா மேடைகளில் பாடிக்கொண்டிருந்தவள், நாற்பதை நெருங்கும்போது பாருக்கு வந்தாள். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நாத்தனார் ஒருத்தி, "பாருல பாடறவ" என்பதைத் தவிர வேறு பெயரில் அவளைக் குறிப்பிட்டதே கிடையாது. ராணி இதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். என்னைக் கேலி பண்ணுவது அவளுக்குத் தனிச் சந்தோஷம். "அண்ணா, ரெண்டு அடாப்டரும் ஒரே நேரத்துல செத்துப்போச்சின்னா இன்னா பண்ணுவே?" என்று கேட்பாள். நான் உண்மையிலேயே யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

பாரில் பாடும் ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு இருக்கும், இல்லையா? ஆட்கள் கையில் எடுத்த கிளாசை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்கிற பாட்டு. ராணிக்கு ஒரு பழைய சோகப் பாட்டு. கடைசிச் சரணத்தில் ஒரு வரி மேலே போய் நிற்கும். அவள் அங்கே நின்று, மூச்சு விடாமல் இழுத்து, மெல்ல இறங்குவாள். அந்த நேரத்தில் வெயிட்டர்கள் தட்டை வைக்க மாட்டார்கள். அந்த ஒரு இடத்துக்காகவே செஞ்சியிலிருந்து, ஒலக்கூரிலிருந்து ஞாயிறுதோறும் வருகிறவர்கள் இருந்தார்கள். அஞ்சரைக் கட்டை அவள் சுருதி. அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு.

ஒரு ஞாயிறு அந்த இடத்தில் குரல் லேசாகப் பிசிறியது. துணியில் நூல் இழுபடுகிற மாதிரி. அவள் இருமிச் சமாளித்தாள். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். செட் முடிந்து பெட்டியைக் கட்டும்போது மேனேஜர் வந்தார்.

"இன்னாய்யா, அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சா?"

"சளி சார்."

"பாண்டியில ஒரு பொண்ணு கேட்டுக்கினே இருக்குது. சொல்லி வைக்கட்டுமா?"

"சளிதான் சார். அடுத்த வாரம் பாருங்க."

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. ராணியிடம் சொன்னால் பயந்துபோவாள், பயந்தால் இன்னும் பிசிறும். சொல்லாவிட்டால் மறுபடி பிசிறும், வேலை போகும். நானாகவே இரண்டு பக்கமும் பேசிப் பார்த்து, கடைசியில் என் விரலிடம் விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு அந்தப் பாட்டு வந்தபோது பட்டனை ஒரு தடவை தட்டினேன். மைனஸ் ஒன்று. அஞ்சு கட்டை. எங்கள் செட்டில் புல்லாங்குழல் இல்லை, கிட்டார் இல்லை. குமாரின் பேடுக்குச் சுருதி கிடையாது. காட்டிக்கொடுக்க ஆளே இல்லை.

அவள் அழகாகப் பாடினாள். கிளாசுகள் நின்றன. மேனேஜர் தூரத்திலிருந்து தலையாட்டினார்.

பஸ்ஸில் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியாண்ணா? சுக்குக் கஷாயம். மூணு வேளை குடிச்சேன். ஜல்தியா சரியாயிடுச்சி."

"ஆமாமா, சுக்கு நல்லது" என்றேன். வேறு என்ன சொல்ல? இப்போது நினைத்தாலும் அந்த வார்த்தை நாக்கில் கசக்கிறது.

மூன்று வாரம் கழித்து அஞ்சு கட்டையிலும் நூல் இழுபட்டது. மைனஸ் இரண்டு. அடுத்த மாதம் மைனஸ் மூன்று. அஞ்சரையில் பாடுகிறவள் நாலு கட்டைக்கு வந்துவிட்டாள், அவளுக்குத் தெரியாது. ஒருநாள் தண்ணீர் பாட்டிலை வைக்க என் பக்கம் குனிந்தாள். அவள் கண் திரைப் பக்கம் போனதைப் பார்த்ததும் கையால் எண்ணை மறைத்தேன். மறுநாளே எலக்ட்ரிக்கல் கடையில் கறுப்பு டேப் வாங்கி, எண் தெரிகிற இடத்தில் மட்டும் ஒட்டினேன். "லைட் கண்ணு கூசுது" என்று குமாரிடம் சொன்னேன். ஒருத்தரைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பு இருக்கிறதே, அது எந்தப் பொய்க்கும் ஒரு நல்ல சட்டை தைத்துக் கொடுத்துவிடும்.

அவள் கஷாயத்தை மட்டும் விடவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு, பஸ்ஸில் சீட்டு கிடைத்து உட்கார்ந்ததும், "அண்ணா, அடுத்த சனிக்கெழமை நீ கண்டிப்பா வரணும்" என்றாள். நாத்தனார் மகனுக்குத் திண்டிவனத்தில் ரிசப்ஷன். வெளியூர் ஆர்க்கெஸ்ட்ரா வருகிறது. மாப்பிள்ளைப் பையன், "அத்தை ஒரு பாட்டு பாடட்டும்" என்று அடம்பிடித்து அம்மாவைச் சம்மதிக்க வைத்திருக்கிறான்.

"எங்க நாத்தனாரு மொத வரிசையில உக்காந்திருப்பா. பாருல பாடறவ எப்படிப் பாடறான்னு அவளும் கேக்கட்டும். நம்ம பாட்டுதான். அஞ்சரைக் கட்டைன்னு ஆர்க்கெஸ்ட்ராவுக்குச் சொல்லி அனுப்பிட்டேன்."

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டியது, கூட்டேரிப்பட்டைத் தாண்டியது. திண்டிவனம் மேம்பாலம் வந்துவிட்டது. நான் மூன்று தடவை ஜிப்பைத் திறந்து அடாப்டரைப் பார்த்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட்டேன். ஆர்க்கெஸ்ட்ராவில் புல்லாங்குழல், கிட்டார் எல்லாம் இருந்தன. கீபோர்டு வாசிப்பவன் எனக்குத் தெரிந்தவன். மேடை ஓரத்தில் குனிந்து, அவன் காதில் ராணியின் பாட்டைச் சொல்லி, மூன்று விரலைக் கீழ்ப்பக்கம் காட்டினேன். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அஞ்சரை எட்டாதாண்ணா? எவ்ளோ, மைனஸ் மூணா? மத்தவங்களுக்கும் நாலு கட்டைன்னு சொல்லிடறேன். அக்காவுக்குத் தெரியவே தெரியாது, நீ போய்க் குந்து."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் சொந்தக் காரியத்தை வேறொருவன் வாயில் கேட்டபோது அது திருட்டு மாதிரி இருந்தது. இவன் இன்றைக்கு இறக்கிவிடுவான். நாளைக்கு? அவளுக்கு எங்கே எட்டும், எங்கே எட்டாது என்பது விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் கீபோர்டு வாசிக்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்கும், அவளைத் தவிர.

"ஒண்ணும் பண்ணாதே. அவ வந்து சொல்லுவா" என்று சொல்லிவிட்டு அவளைத் தேடிப் போனேன்.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால், வாழையிலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இன்னாண்ணா மூஞ்சி இப்படிக் கீது? அடாப்டர் காணோமா?"

"ராணி, நீ நம்ம செட்டுல அஞ்சரையில பாடல."

"பின்ன?"

"நாலு கட்டை. கொஞ்சம் கொஞ்சமா எறக்கிக்கினு வந்தேன். ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது."

முதலில் கேலி என்று நினைத்தாள். என் முகத்தைப் பார்த்த பிறகு டம்ளரைக் கீழே வைத்தாள். நான் எதிர்பார்த்த எதையும் அவள் கேட்கவில்லை.

"அப்ப அந்தச் சுக்கு?" என்றாள்.

அவளே தொடர்ந்தாள்.

"மூணு வேளை குடிச்சேனே. எங்க வூட்டுக்காரரு காலையில எழுந்து தட்டிக் குடுத்தாரே."

"மேனேஜர் வேற ஆளு பாத்துக்கினு இருந்தாரு. உன் வேலை போயிடுமோன்னு..."

"அத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா? நான் இன்னா கொழந்தையா? படியை ஒண்ணொண்ணா ஒடச்சி எடுத்துட்டு, ஏறிட்டே ஏறிட்டேன்னு கை தட்டினியா நீ?"

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் தொண்டை போய்விடும் என்று அந்தக் கோபத்திலும் அடக்கினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மேடையிலிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். என்னைத் தாண்டிப் போனாள்.

எந்தக் கட்டை கேட்பாள் என்று எனக்குத் தெரியாது. ரோஷத்தில் அஞ்சரை கேட்டால்? பாடவே மாட்டேன் என்றால்? தூணோரம் நின்றேன். முதல் வரிசையில் நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ராணி மைக்கைப் பிடித்து, கீபோர்டுப் பக்கம் திரும்பி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "தம்பி, எனக்கு இப்ப தொண்டை சரியில்ல. நாலு கட்டை குடு."

தெரிந்தே பாடும்போது பாட்டு வேறு மாதிரி இருந்தது. வார்த்தைகளை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். கீழ்ச் சுருதியில் அவள் குரலுக்கு ஒரு கனம் இருந்ததை, அத்தனை ஞாயிறு வாசித்தும் நான் கவனித்ததில்லை. பயத்தில் அந்த மேல் இடத்தை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் போல. அந்த இடம் வந்தது. அவள் தொட்டாள், இழுக்கவில்லை. கையைப் புல்லாங்குழல் பக்கம் நீட்டினாள். அந்தப் பையன் புத்திசாலி. மீதியை அவன் எடுத்துக்கொண்டு போனான்.

கை தட்டல் அடங்கியபோது நாத்தனார் குரல்தான் முதலில் வந்தது. "இன்னொண்ணு பாடேன் ராணி." பெயரைச் சொன்னாள்.

பாடவில்லை. ராணி கும்பிட்டுவிட்டு இறங்கினாள். பந்தியில் என் எதிரே உட்கார்ந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டாள். கை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"திங்கக்கெழம டாக்டர்கிட்ட போறேன். நீயும் வர்றே."

"நானா?"

"எப்பத்திலேர்ந்துன்னு கேப்பாங்க. எனக்கு இன்னா தெரியும்? உனக்குத்தானே தெரியும்."

போனேன். தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு அதையேதான் கேட்டார். ராணி என்னைக் கை காட்டினாள். நான் முதல் பிசிறு எந்த ஞாயிறு, மைனஸ் ஒன்று எந்த வாரம், இரண்டு எப்போது, மூன்று எப்போது என்று வரிசையாகச் சொன்னேன். பயந்தவனுக்கு எல்லாம் நினைவிருக்கும். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க இவங்க வீட்டுக்காரரா?"

"இல்ல சார். கீபோர்டு."

நான் உண்மையைச் சொன்னதற்குப் பிறகு ராணி அன்றைக்குத்தான் என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. குரல் எழும்புகிற சதையில் காய்ப்பு மாதிரி சின்ன முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். முதல் பிசிறுக்கே வந்திருந்தால் சில வாரம் ஓய்வில் சரியாகியிருக்கும், அதன் மேலேயே பாடிப் பாடி அது தடித்துவிட்டது என்றார். மூன்று மாதம் பாட்டு கிடையாது. முதல் மாதம் பேச்சும் கிடையாது. அந்த இரண்டு மாதம் எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை. என் டேப்புக்கு அடியில் இருந்தது.

மேனேஜரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். நடந்தது அத்தனையும். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், ஒடம்புக்கு முடியலைன்னா லீவு குடுக்க மாட்டனா? நீதானே சளின்னே? பேஜார் புடிச்ச ஆளுய்யா நீ."

பாண்டிப் பெண் மூன்று மாதம் வந்து பாடினாள். நல்ல பெண். அவளுக்கும் ஒரு பாட்டு இருந்தது, கிளாசுகள் அதற்கும் நின்றன. ராணி ஊரில் பேசாமல் இருந்தாள். எனக்கு மட்டும் போனில் எழுதி அனுப்புவாள். ஒரு நாள், "இன்னைக்கு ஆட்டுக்குட்டியத் தொரத்தும்போது கூட கத்தல." இன்னொரு நாள், "உன் மேல இன்னும் கோவம் போவல." இரண்டுக்கும் நான் சரி என்றுதான் பதில் போட்டேன்.

திரும்பி வந்த ஞாயிறு, பெட்டியை ஸ்டாண்டில் வைத்து வயரை மாட்டிக்கொண்டிருந்தேன். ராணி என் பக்கம் வந்தாள். நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிளப்பி, மெதுவாக உரித்து, உருட்டி, என் சட்டைப் பையில் போட்டாள். திரையில் பூஜ்யம் இருந்தது. அவளே பட்டனை இரண்டு தடவை தட்டினாள். நாலரைக் கட்டை.

"இன்னைக்கு இவ்ளோதான். நாளைக்கு ஏறுனா ஏறட்டும். எறங்குனா எங்கிட்ட சொல்லு."

அஞ்சரைக்கு அவள் அப்புறம் போகவே இல்லை. அஞ்சு கட்டை வரைக்கும் ஏறி, அதோடு நின்றுவிட்டது. ஒலக்கூர்க்காரர்கள் தொடர்ந்து வந்தார்கள்.

தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். இறக்கலாம். தாராளமாக இறக்கு, அதற்குத்தான் பட்டன். அவர்கள் கண் முன்னால் இறக்கு. கோபித்துக்கொள்வார்கள், அழுவார்கள், உன்னோடு ஒரு மாதம் பேசமாட்டார்கள். அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ள முடியாதவன்தான் ரகசியமாக இறக்குகிறான். நான் அவளைக் காப்பாற்றினேன் என்று நினைத்தது, பெரும்பாலும் அந்த அஞ்சு நிமிஷப் பேச்சிலிருந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டதுதான்.

இது எனக்கு எப்போது முழுசாகப் புரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் கழித்து, ஒரு ஞாயிறு சாயங்காலம், திண்டிவனம் பஸ் நிலையம். ராணி வேகவைத்த மல்லாட்டை வாங்கி வந்து என் கையில் பாதியைக் கொட்டினாள். இரண்டு கொட்டையை உரித்தாள்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"உன் எடது கை பின்தங்குது. நாலஞ்சு வாரமா. குமாரு உனக்காக நின்னு நின்னு அடிக்கறான். உனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கான்."

எனக்கு உள்ளுக்குள்ளே தெரிந்திருந்தது. விரல் மரத்துப்போவது, தோள் இழுப்பது, எல்லாம். அவள் முகத்தைப் பார்த்தேன். நான் கோபித்துக்கொள்வேனோ என்ற பயம் அதில் இருந்தது. பயந்துகொண்டேதான் சொன்னாள்.

"எப்பத்திலேர்ந்து?" என்றேன்.

"தேதி எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வர்றேன்."

மல்லாட்டைத் தோலை எல்லாம் ஒரு காகிதத்தில் பொறுக்கிப் போட்டோம். அவள் பஸ் வந்தது, ஏறிப் போனாள். நான் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, விழுப்புரத்தில் கிளம்பியதிலிருந்து ஒரு தடவைகூட ஜிப்பைத் திறந்து பார்க்கவில்லை. எழுந்து பார்க்கலாமா என்று நினைத்தேன். திரும்பிப் படுத்துக்கொண்டேன்.